நாகலிங்கப் பூவில் இரண்டு வகை மகரந்தம்

சிவன் கோயில்களில் நாகலிங்க மரத்தைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு, அது வெளியூர் மரம் என்றால் நம்பக் கொஞ்சம் கஷ்டம்தான். அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. கயானா பகுதியில் கண்ட மரத்தை வைத்து, பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஓப்லே 1775இல் அதற்கு 'கூரூபிட்டா கயனென்சிஸ்' என்று பெயரிட்டார். பிரேசில் கொட்டை மரம் இதற்குப் பங்காளி. காட்டில் 35 மீட்டர் வரைகூட வளரும்.

பலாவைப் போல இதுவும் அடிமரத்திலேயே காய்க்கும். தண்டிலிருந்து நேரே கிளம்பித் தொங்கும் இலையில்லாத காம்புகளில்தான் பூக்கள். ஒரு பூவின் ஆயுள் ஒரே நாள்.

கீழே விழுந்து கிடக்கும் பூ ஒன்றை எடுத்துப் பாருங்கள். சதைப்பிடிப்பான ஆறு இதழ்கள். நடுவில் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் பெண் உறுப்பின் நுனியான சூலகமுடியைச் சுற்றிக் குட்டையான மகரந்தத் தாள்கள் வட்டமாக நெருங்கி நிற்கும். நாம் லிங்கம் என்று கும்பிடுவது இதைத்தான். அந்த வட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து தட்டையான பட்டை ஒன்று வளைந்து வந்து படமெடுத்து நிற்கும். அதன் நுனியிலும் மகரந்தத் தாள்கள் உண்டு.

விஷயமே இங்கேதான். வாசனை ஊரைக் கூட்டினாலும் இந்தப் பூவில் தேன் கிடையாது. வரும் வண்டுக்குக் கூலி மகரந்தம் மட்டும். மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு, படத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே நுழைந்து, படத்திலிருக்கும் மகரந்தத்தைக் காலால் வாரிக்கொள்ளும். அது முளைக்காத மகரந்தம், வெறும் தீனி. வண்டு அதில் மும்முரமாக இருக்கும்போது, வட்டத்திலிருக்கும் முளைக்கும் மகரந்தம் அதன் முதுகில் அப்பிக்கொள்ளும். அடுத்த பூவில் நுழையும்போது அந்த முதுகு சூலகமுடியில் உரசும். சரியான ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. வண்டுக்கும் சாப்பாடு கிடைத்துவிடுகிறதே.

கருவண்டு இனங்கள் நம் ஊரிலும் இருப்பதால், கடல் தாண்டி வந்த பிறகும் மரத்துக்குக் காய்க்க ஆள் கிடைத்தது. பீரங்கிக் குண்டு மாதிரி உருண்டையான காய் முற்ற ஓராண்டுக்கு மேலும் ஆகும். விழுந்து உடைந்தால் சதை காற்றுப் பட்டு நீலம் பாரிக்கும், நாற்றமும் குடலைப் புரட்டும். ஆனால் அமேசானின் பெக்கரி எனும் காட்டுப்பன்றி போன்ற விலங்குக்கு அது விருந்து. ஒரு காயில் நூற்றுக்கணக்கான விதைகள். அவற்றை மூடிய மயிர்கள் வயிற்றுக்குள் அவை செரித்துப்போகாமல் காக்கும், சாணத்தோடு விதை வெளியே வந்து முளைக்கும். இங்கே பெக்கரி இல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் இந்த மரம் பெரும்பாலும் கோயில், பூங்கா, விகாரை என்று மனிதர் நட்ட இடங்களில்தான் நிற்கிறது. நடுகிறவர்கள் நடைபாதையை விட்டுத் தள்ளி நட்டால் தலைக்கு நல்லது.