கேட்டுக் கேட்டுக் களைத்தவர்களுக்கு ஒரு பாம்புக் கதை

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு ஆலோசனை தரும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “நாள் முழுக்க அவர்கள் பட்டதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் யாரிடமும் பேசத் தோன்றுவதில்லை. ஆன்லைன் பயிற்சி ஒன்றில் சேரச் சொல்கிறார்கள். திரையைப் பார்த்து இது சரியாகுமா?”

ஓரளவு ஆகும். எப்படி என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

அதற்கு முன் ஒரு விஷயம். வேலை நம்மை உறிஞ்சிவிடும் களைப்பைத்தான் பர்ன்அவுட் என்கிறோம், 1974இல் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் இதைப் பற்றி எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோய் என்று சொல்லாமல் வேலை சார்ந்த நிலை என்று வகைப்படுத்தியது. அடுத்தவரின் துயரம் நம் கனவில் வருவது, அந்த ஆளைப் பார்க்கவே மனம் பின்வாங்குவது எல்லாம் இன்னொன்று, இரண்டாம்நிலை மன அதிர்ச்சி. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம்.

சரி, பாம்புக்கு வருவோம். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, பாம்பு பயத்தால் அன்றாட வாழ்க்கையே முடங்கிப்போனவர்களைத் தேடி அழைத்தார். முதலில் பக்கத்து அறையில் ஒருவர் பாம்பைக் கையாள்வதைக் கண்ணாடி வழியே பார்ப்பார்கள், அப்புறம் கதவருகில் நிற்பார்கள், அப்புறம் உள்ளே ஓரடி, அப்புறம் தடித்த கையுறை போட்டுக்கொண்டு ஒரு தொடுதல், கடைசியில் வெறும் கையில் பாம்பு. அவரும் சக ஆய்வாளர்களும் 1977இல் வெளியிட்ட முடிவில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவர் அடுத்து என்ன செய்வார் என்பதை அவர் அதுவரை செய்து முடித்ததைவிட, ‘என்னால் முடியும்’ என்று அவர் எவ்வளவு நம்புகிறார் என்பதே சரியாகக் காட்டியது! பாம்பைத் தொட்டுவிட்டு ‘கையுறை இருந்ததால் தொட்டேன்’ என்று நினைப்பவருக்கு அந்த வெற்றி பெரிதாக எதுவும் தருவதில்லை. ‘நான் தொட்டேன்’ என்று கணக்கில் எழுதிக்கொண்டவருக்குத்தான் நம்பிக்கை வளர்கிறது. இதைத்தான் சுயதிறன் நம்பிக்கை என்கிறார்கள்.

இப்போது ஆலோசகரை யோசித்துப் பாருங்கள். பாதிக்கப்பட்ட பெண் மெல்லத் தேறி வந்தால் ‘அவர் மனத்திடம் அப்படி, நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்’ என்பார், தேறாவிட்டால் மட்டும் ‘நான் சரியாகச் செய்யவில்லை’ என்பார். வெற்றி எல்லாம் கையுறைக்கு, தோல்வி எல்லாம் தனக்கு. இப்படியே பத்து வருடம் அனுபவம் சேர்ந்தாலும் நம்பிக்கை மட்டும் சேராது.

போலந்தில் உளவியலாளர் ரோமன் செஷ்லாக்கும் அவரோடு பணிபுரிந்தவர்களும் உருவாக்கியது போன்ற இணையவழிப் பயிற்சிகள் கைவைப்பது இந்தக் கணக்கில்தான். கடினமான ஒரு சந்திப்பை நினைத்து எழுதச் சொல்வார்கள். அதில் நீங்கள் சொன்னது என்ன, சொல்லாமல் பொறுத்தது என்ன, உங்கள் படபடப்பை எப்படி அடக்கினீர்கள் என்று எழுத எழுத, ‘சும்மா உட்கார்ந்திருந்தேன்’ என்பது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிய ஆரம்பிக்கும். இதற்குத் திரை போதும், சொல்லப்போனால் சில சமயம் திரையே மேல். ‘எனக்கும் தாங்கவில்லை’ என்று சக ஊழியர் முன்னால் சொல்லக் கூசுபவர்கள் ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக எழுதிவிடுவார்கள்.

குறையும் இருக்கிறது. இணையவழிப் பயிற்சிகளில் பாதியில் விட்டுவிடுபவர்கள் அதிகம். ரொம்பக் களைத்துப் போனவருக்கு இன்னொரு லாகின் இன்னொரு சுமைதான். இதுபோன்ற பயிற்சிகளுக்கு நிதி ஒதுக்குபவர்கள் புதுச் செயலி செய்யக் கொடுப்பதில் ஒரு பங்கையாவது, விட்டுப்போனவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்கவும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அப்புறம், ‘நல்ல ஆலோசகரை எதுவும் பாதிக்காது’ என்று பேசுவது சுத்த மூடநம்பிக்கை. வேலை நிமித்தமாக அடுத்தவரின் கொடுமைகளை மறுபடி மறுபடி விவரமாகக் கேட்பதும் ஒருவருக்கு மன அதிர்ச்சிக் கோளாறைத் தரலாம் என்று மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அதனால் வாசகிக்கு என் பதில்: சேருங்கள், ஆனால் பயிற்சியை வேலை நேரத்திலேயே செய்ய அனுமதி கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்ற எண்ணையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். அந்த எண்ணைக் குறைக்க எந்தப் பயிற்சியாலும் முடியாது, உங்கள் மேலதிகாரியால் முடியும்.