ரத்தம் ஒருவருடையது, விவரம் குடும்பத்துடையது

2015 ஜூன் 26, வெள்ளிக்கிழமை. குவைத் நகரின் இமாம் சாதிக் மசூதியில் தொழுகை நேரத்தில் குண்டு வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த மாதமே அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. குடிமக்கள், பிழைக்க வந்தவர்கள், சுற்றிப் பார்க்க வந்தவர்கள் என்று யாராக இருந்தாலும் அரசுக்கு டிஎன்ஏ மாதிரி கொடுத்தாக வேண்டும். மறுத்தால் ஓராண்டு வரை சிறை, 10,000 தினார் வரை அபராதம். அங்கே வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்களும் இதில் அடக்கம்.

குண்டு வைத்தவன் சவூதிக்காரன். அன்று காலைதான் விமானத்தில் வந்து இறங்கியிருந்தான். நாடு தழுவிய டிஎன்ஏ தொகுப்பு எதுவும் இல்லாமலே இரண்டு நாளில் அவனை அடையாளம் கண்டுவிட்டார்கள். நாட்டு மக்கள் எல்லோருடைய எச்சிலும் அரசு கையில் இருந்திருந்தாலும் அந்தக் குண்டு வெடித்துத்தான் இருக்கும்.

சரி, கன்னத்தின் உட்புறம் தடவும் அந்தப் பஞ்சுக்குச்சியில் என்னதான் போகிறது? உதிர்ந்த செல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று என, ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் கொண்ட டிஎன்ஏ பிரதிகள் இரண்டு இருக்கின்றன. எழுத்துகள் என்பது ஏ, டி, ஜி, சி என்று குறிக்கப்படும் நாலு வேதிப்பொருள்கள். தடயவியல் கூடம் அதை முழுக்கப் படிப்பதில்லை. டிஎன்ஏவில் சில இடங்களில் நாலெழுத்துத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். பதினோராவது குரோமோசோமில் டிஎச்01 என்று ஓர் இடம். அங்கே 'ஏஏடிஜி' என்ற துண்டு சிலருக்கு ஆறு முறை வரும், சிலருக்கு ஒன்பது முறை. அந்த இடத்தை மட்டும் லட்சக்கணக்கில் நகலெடுத்து, ஒளிரும் சாயம் ஏற்றி, தலைமுடி போன்ற மெல்லிய குழாய்க்குள் மின்சாரத்தால் இழுக்கிறார்கள். குட்டைத் துண்டு முந்தும், நீளமானது பிந்தும். திரையில் இரண்டு கூம்புகள் எழும்: 6, 9. ஒன்று அப்பா வழி, மற்றது அம்மா வழி.

அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2017 முதல் இப்படி 20 இடங்களைப் பார்க்கிறது. ஆக மொத்தம் 40 எண்கள். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்து, ஒரே மாதிரி இருக்கும் இரட்டையர்களைத் தவிர, இரண்டு பேருக்கு அத்தனையும் பொருந்துவது நடக்காத காரியம் என்றே சொல்லலாம்.

இங்கேதான் அரசுகள் வழக்கமாக ஒரு சமாதானம் சொல்லும்: இவை வெறும் எண்கள், நோயையோ நிறத்தையோ சொல்லாது. பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்த எண்கள் சொல்லும் ஒரு விஷயம் போதும், ஊரையே கலக்க. யார் யாருக்குப் பிறந்தவர் என்பது அது. குழந்தையின் எண் ஜோடி ஒவ்வொன்றிலும் ஒன்று தந்தையிடமும் ஒன்று தாயிடமும் இருக்க வேண்டும். அரிதாக எங்காவது ஒரு பிறழ்வு இருக்கலாம். நாலைந்து இடங்களில் பொருந்தவில்லை என்றால் அவர் தந்தை இல்லை. இதைக் கண்டுபிடிக்க யாரும் தனியாகச் சோதனை செய்ய வேண்டாம், இரண்டு வரிசைகளைப் பக்கத்தில் வைத்தால் போதும். குடியுரிமையே தந்தை வழியில் வரும் குவைத்தில் இது எத்தனை வீடுகளைத் தொடும் என்று யோசித்துப் பாருங்கள். குடியுரிமை ஆவணம் இல்லாமல் தலைமுறைகளாக அங்கே வாழும் பிதூன் மக்கள் பயந்ததில் ஆச்சரியமில்லை.

ரேஷன் கார்டு மாதிரிதான் இது: ஒருவர் கொண்டுபோய்க் காட்டினாலும் வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள். கைரேகையோடு டிஎன்ஏவை ஒப்பிடுவது எனக்கு எப்போதும் உறுத்தும். என் ரேகையை வைத்து என் தம்பியைப் பிடிக்க முடியாது.

2022இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வெளியான ஒரு விவகாரம் இதைக் கண்ணெதிரே காட்டியது. குழந்தை பிறந்த ஓரிரு நாளில் குதிகாலில் குத்தி, சில சொட்டு ரத்தத்தை வடிதாள் அட்டையில் ஊற வைப்பார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சிகிச்சை தரக்கூடிய பிறவி நோய்களுக்கான சோதனை அது, நல்ல திட்டம். சோதனை முடிந்த பிறகும் அந்த அட்டைகளை அம்மாநிலம் 23 ஆண்டு வைத்திருந்தது. 1996இல் நடந்த ஒரு பாலியல் குற்றத்தில் ஒருவர் மேல் போலீசுக்குச் சந்தேகம். அவரிடம் மாதிரி கேட்க நீதிமன்ற உத்தரவு வேண்டும், அதற்கு ஆதாரம் வேண்டும். போலீசார் நேரே பரிசோதனைக் கூடத்துக்குப் போய், அவருடைய குழந்தையின் பழைய அட்டையை வாங்கிவிட்டார்கள். குற்றவாளியைப் பிடிப்பது சரிதானே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் பிறந்த குழந்தைக்கு ரத்தச் சோதனை செய்வதற்கே பெற்றோர் தயங்க ஆரம்பித்தால் அதன் விலையைக் கொடுப்பது யார்? வழக்குகள் வந்த பிறகு, 2024இல் மாநிலம் அந்த 23 ஆண்டை 2 ஆண்டாகக் குறைத்தது.

இப்படி உறவினரின் டிஎன்ஏ வழியாக ஆளைத் தேடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு, அது நமக்கு நெருக்கமானது. 'இவர் குற்றவாளியின் அண்ணனாக இருக்கலாம்' என்று கணினி சொல்வது, அந்த எண்கள் ஊரில் எவ்வளவு அரிதானவை என்ற கணக்கை வைத்து. தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே, அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் கல்யாணம் செய்து வந்த சமூகங்களில், தூரத்து ஆட்களுக்குள்ளும் எண்கள் அதிகம் ஒத்துப்போகும். வேறொரு மக்கள்தொகையின் கணக்கை இங்கே அப்படியே போட்டால், சம்பந்தமே இல்லாதவர் உடன்பிறப்பாகத் தெரியலாம்.

அப்புறம், எண்கள் வேறு, பஞ்சுக்குச்சி வேறு. எண்கள் கோப்பில் ஏறிய பிறகும் மாதிரி உறைபெட்டியில் இருந்தால், நாளைக்கு யார் வேண்டுமானாலும் முழு 300 கோடியையும் படிக்கலாம். நோய் வரும் வாய்ப்பு உட்பட நிறைய விஷயம் அதில் உண்டு. தனியுரிமை பற்றிய விவாதங்களில் இது கேட்கப்பட வேண்டிய முதல் கேள்வி என்பேன்: மாதிரியை எப்போது அழிப்பீர்கள்? பிரிட்டனில் குற்றம் நிரூபிக்கப்படாதவர்களின் மாதிரியையும் எண்களையும் காலவரையின்றி வைத்திருந்தார்கள். வழக்குத் தொடுத்த இருவரில் ஒருவர் கைதானபோது 11 வயதுச் சிறுவன். 2008 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் 17 நீதிபதிகளும் ஒருமனதாக அது தவறு என்றார்கள். 2012இல் வந்த சட்டம், எண்கள் எடுத்ததும் மாதிரியை அழிக்க வேண்டும், அதிகபட்சம் 6 மாதம் என்றது. 77 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் அழிக்கப்பட்டன. அதனால் பிரிட்டனில் துப்புத்துலக்குவது நின்றுவிடவில்லை.

குவைத் சட்டத்தை 2017 அக்டோபரில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றமே ரத்து செய்தது, தனிமனிதச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று சொல்லி.

இந்தியாவில் நிலைமை தலைகீழ். டிஎன்ஏ கூடங்களையும் தகவல் தொகுப்பையும் கண்காணிக்க ஒரு வாரியம் அமைக்க வேண்டும் என்ற 2019 மசோதா, 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. அந்த மசோதாவிலும் ஓட்டைகள் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சேகரிக்க அனுமதிக்கும் சட்டம் 2022லேயே வந்துவிட்டது. கைதானவர்களிடம் உயிரியல் மாதிரி எடுக்கலாம். பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களிலும், ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களிலும் மறுக்க முடியாது. விடுதலையானால் அழிக்க வழி உண்டு, மாஜிஸ்திரேட் வேறு மாதிரி உத்தரவிடாதவரை. மற்றபடி பதிவுகள் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தில் 75 ஆண்டு இருக்கும். 20 வயதில் மாட்டியவருக்கு அது 95 வயது வரை. அதற்குள் பேரன் பேத்தியே நடுத்தர வயதைத் தொட்டிருப்பார்கள், அவர்களையும் தேடிப் பிடிக்க உதவும் எண்கள் அங்கே இருக்கும்.