இரணியலில் ரயில் ஏன் நிற்கிறது?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. இரணியலில் ஏற வேண்டியவர்கள் ஏறிவிட்டார்கள், இறங்க வேண்டியவர்கள் இறங்கிவிட்டார்கள், ஆனாலும் வண்டி நகராது. முதல் ஐந்து நிமிஷம் யாரும் கண்டுகொள்வதில்லை. பத்தாவது நிமிஷத்தில் வாசலருகே நிற்பவர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு ‘கிராசிங்’, அதாவது எதிர் வண்டிக்கு வழி விடுகிறோம் என்று உள்ளே சொல்வார், அப்புறம் எதிரிலிருந்து ஒரு வண்டி தடதடவென்று கடந்து போகும், சிக்னல் விழும், நாம் கிளம்புவோம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் புது ரயில் வேண்டும் என்று கேட்காத ஆளில்லை, நானும் கேட்கிறவன்தான். ஆனால் இன்னும் எத்தனை ரயில் விட முடியும் என்பது அந்தப் பத்து நிமிஷத்தில்தான் இருக்கிறது.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது 1979-இல். திருநெல்வேலி–நாகர்கோவில் பாதை 1981-இல் வந்தது. இரண்டையும் ஒற்றைப் பாதையாகத்தான் போட்டார்கள். ஒற்றைப் பாதையில் அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டிதான் இருக்கலாம். இதை வைத்து ஒரு நாளில் எத்தனை வண்டி ஓட்டலாம் என்று கணக்கிட இந்திய ரயில்வேயில் ‘ஸ்காட் சூத்திரம்’ என்று ஒன்று உண்டு. ரொம்ப எளிது: ஒரு நாளுக்கு 1440 நிமிஷம். ஒரு வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும் நேரத்தோடு, இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களும் வழி கொடுத்து வாங்கும் நேரத்தையும் கூட்டி, அதால் 1440-ஐ வகுக்க வேண்டும். பராமரிப்பு, தாமதம் எல்லாவற்றுக்கும் இடம் விட்டு, வருகிற விடையில் 70 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உதாரணமாக, போய்ச் சேர 20 நிமிஷம், வழி வாங்க 5 நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். 1440-ஐ 25-ஆல் வகுத்தால் 57 சொச்சம், அதில் 70 சதவீதம் 40. இரு திசையும் சேர்த்தே நாளுக்கு 40 வண்டிதான், கூட்ஸும் அதற்குள் அடக்கம்! நடுவில் ஒரு கிராசிங் ஸ்டேஷன் போட்டு 20-ஐப் பத்தாகக் குறைத்தால் 67 வரும். இரு மடங்காகாது, ஏனென்றால் அந்த 5 நிமிஷம் குறையவே இல்லை. இன்னொன்று, கணக்குப் போட வேண்டியது பாதையிலேயே அதிக நேரம் பிடிக்கும் துண்டுக்கு. தோவாளை வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இது தெரியும், வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் மடை விடுகிற அளவுதான் தண்ணீர். மற்ற இடத்தில் எத்தனை கோடி கொட்டினாலும் அந்த ஒரு துண்டைத் தொடாதவரை ஒரு ரயிலைக்கூட அதிகமாக விட முடியாது.

இரட்டைப் பாதை வந்தால் கிராசிங் என்ற பேச்சே இல்லை. திருநெல்வேலிப் பக்கம் அந்த வேலை 2024-இல் முடிந்தது. திருவனந்தபுரம் பக்கம் மெதுவாக நடக்கிறது, அங்கே குன்றைக் குடைந்த பள்ளத்துக்குள்ளேயே நிறைய தூரம் பாதை போகிறது, இரண்டு பக்கமும் செம்மண் சுவர். 2021 நவம்பர் மழையில் அந்த மண் சரிந்து தண்டவாளத்தை மூடியபோது ரயில்களை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. இரண்டாவது பாதைக்காக அந்தச் சுவரை இன்னும் வெட்டும்போது சரிவைச் சாய்வாக விட்டு, மழைத் தண்ணீர் வடிய வழி செய்தாக வேண்டும். அதற்கு நிலம் கூடுதலாக வேண்டும், வீட்டுக்கு வீடு ஒட்டியிருக்கும் நம் ஊரில் அது லேசான காரியமில்லை.

சரி, இரட்டைப் பாதை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வேகம்தான் சிக்கல். 30 கிலோமீட்டரை மணிக்கு 90-இல் போகும் எக்ஸ்பிரஸ் 20 நிமிஷத்தில் கடக்கும், 45-இல் போகும் கூட்ஸுக்கு 40 நிமிஷம் ஆகும். கூட்ஸ் முதலில் கிளம்பிவிட்டால் எக்ஸ்பிரஸ் 20 நிமிஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கூட்ஸை வழியில் லூப் லைனில், அதாவது ஸ்டேஷனில் மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி அதிலேயே சேரும் பக்கப் பாதையில், ஒதுக்க வேண்டும். ஒரு முழு கூட்ஸ் சுமார் 700 மீட்டர் நீளம். லூப் அதைவிடக் குட்டையாக இருந்தால் வால் மெயின் லைனிலேயே கிடக்கும்.

இதை இப்போதே யோசிக்கச் சொல்வதற்குக் காரணம் விழிஞ்ஞம். 2025 மே மாதம் திறந்துவைத்த அந்தத் துறைமுகத்திலிருந்து பாலராமபுரத்துக்கு 10.7 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் திட்டம் இருக்கிறது, பெரும்பகுதி சுரங்கம். பாலராமபுரம் இருப்பது நம்முடைய இதே பாதையில். திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் போகிற கன்டெய்னர்களுக்கு நாகர்கோவில்தான் நேர் வழி. காலையில் ஆபீசுக்குப் போகிற பாசஞ்சரும் கன்டெய்னர் ரயிலும் அதே தண்டவாளத்தைப் பங்கு போடும்போது, நீளமான லூப் எந்த ஸ்டேஷனில் வேண்டும் என்பதைப் பாதை போடும்போதே முடிவு செய்துவிட வேண்டும். பிறகு இடம் கிடைக்காது.

கடைசியாக நாகர்கோவில் சந்திப்பு. ரேஷன் அரிசி ரேக் (ஒரு முழு கூட்ஸ் வண்டி) வரும்போது ஒரு தடவை போய்ப் பாருங்கள். 42 வேகன், சுமார் 2,600 டன். லாரிக்கு 20 டன் வைத்தால் 130 லாரி. தொழிலாளிகள் மூட்டையைத் தலையில் தூக்கி ஒவ்வொன்றாக இறக்கி முடிக்கும்வரை ரேக் அங்கேயேதான் நிற்கும், லாரிகள் கோட்டாறு நெரிசலுக்குள் புகுந்து வெளியேறும். இங்கிருந்து கிளம்பும் ரயில்களைக் கழுவிச் சரிபார்க்கும் பிட் லைனுக்கும், பகலில் பெட்டிகளை நிறுத்தி வைக்கவும் இடம் வேண்டும், அதுவும் இதே வளாகத்தில்தான். ஆரல்வாய்மொழி போல ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஸ்டேஷனுக்குச் சரக்கையும் குடோனையும் சேர்த்தே மாற்றினால் அரிசி லாரி கோட்டாறுக்குள் வர வேண்டியதில்லை, காலியாகிற லைனில் நாம் கேட்கும் புது ரயில் நிற்கும்.