லேப்பில் நீங்கள் செய்ததை எழுதுங்கள், பேராசிரியர் செய்ததை அல்ல

அமெரிக்காவில் நான் சிறுநீரக மருத்துவர், வாரத்தில் பாதி நாள் லேப்பில் இருப்பேன். அதனால் மருத்துவக் கல்லூரி நேர்முகத் தேர்வில் 'ஆய்வுதான் என் எதிர்காலம்' என்று எழுதிய மாணவர்களைப் பெரும்பாலும் என்னிடம்தான் அனுப்புகிறார்கள். போன மாதம் ஒரு தமிழ்ப் பையன் வந்தான். ஜீப்ரா மீன்களை வைத்துச் சிறுநீரகம் உருவாவதைப் பற்றிய ஆய்வு, இரண்டு வருட அனுபவம், மூன்று கட்டுரைகளில் பெயர். என் துறைக்குப் பக்கம் என்பதால் ஆசையாகக் கேட்டேன்: அந்த மரபணுவை நிறுத்தினால் மீனுக்கு என்ன ஆகும் என்று எதிர்பார்த்தீர்கள், ஏன்? கட்டுரையின் சுருக்கத்தை ஒப்பித்தான். திருப்பிக் கேட்டேன், அதே சுருக்கம். இந்த வருடம் இப்படி எனக்கு இது நான்காவது மாணவர். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை.

வார இறுதியில் தமிழ்க் குடும்பங்கள் கூடினால் 'எத்தனை பப்ளிகேஷன்?' என்று பிளஸ் டூ மார்க் கேட்பதுபோல் கேட்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். இருபது வயதுப் பிள்ளையின் பெயர் ஒரு கட்டுரையில் வருவது, அந்த லேப்பில் அந்த வருடம் எந்த வேலை முடிவுக்கு வந்தது, பேராசிரியர் எவ்வளவு தாராளமானவர் என்பதையெல்லாம் பொறுத்தது. இரண்டு வருடம் உயிரைக் கொடுத்து உழைத்தும் பெயர் வராமல் போகலாம், ஒரு கோடைக்காலம் ஜெல் ஓட்டிவிட்டு (லேப்பின் அன்றாடச் சோதனை வேலை) வந்தவரின் பெயர் வந்துவிடலாம். லேப் நடத்தும் எங்களுக்கு இது தெரியாதா? அந்த எண்ணிக்கை எனக்குச் சொல்வது மிகக் குறைவு. எந்தக் கேள்வியைத் துரத்தினீர்கள், அதில் உங்கள் கையால் செய்தது எது, சொதப்பியபோது என்ன செய்தீர்கள், இதைத்தான் தேடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் வந்தாள், ஒரு கட்டுரைகூட இல்லை. எட்டு மாதம் முடிவே வராமல், கடைசியில் சோதனைக்குப் பயன்படுத்திய ஆன்டிபாடியே சரியில்லை என்று எப்படிக் கண்டுபிடித்தாள் என்று சொல்ல ஆரம்பித்தாள், அரைமணி நேரம் போனதே தெரியவில்லை. அவளுக்காக மாணவர் சேர்க்கைக் குழுவில் நான் வாதாடினேன்.

ஆம்காஸ், அதாவது பெரும்பாலான அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் அதிகபட்சம் 15 அனுபவங்கள், ஒவ்வொன்றுக்கும் இடைவெளி உட்பட 700 எழுத்துகள்தான். மிக முக்கியமான மூன்றுக்கு மட்டும் கூடுதலாக 1,325. அந்தச் சின்ன இடத்தைப் பேராசிரியரின் நிதி விண்ணப்பத்திலிருந்து எடுத்த வரிகளால் நிரப்பாதீர்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர் யாரோ, 'ஆய்வு பிடிக்கும் என்றால் நோயாளிகளைப் பிடிக்காது என்று நினைத்துவிடுவார்கள், மறைத்துவிடு' என்கிறார், பிள்ளையும் மூன்று வருட உழைப்பை ஒரு மூலையில் ஒளித்துவைக்கிறது. 2012இல் வேதியியல் நோபல் பெற்ற லெஃப்கோவிட்ஸ், கோபில்கா இருவருமே எம்.டி. (அமெரிக்காவில் மருத்துவராவதற்கான அடிப்படைப் பட்டம்) படித்தவர்கள், பிஎச்.டி. இல்லை. லெஃப்கோவிட்ஸ் இதய மருத்துவர். ஆய்வும் மருத்துவமும் ஒரே ஆளுக்குள் இருப்பது புதிதல்ல. ஆனால் லேப் மணிநேரம் மட்டும் இருந்து, நோயாளிகளின் பக்கத்தில் இருந்த அனுபவமே இல்லையென்றால், 'அப்புறம் ஏன் பிஎச்.டி. மட்டும் போதாது?' என்று கேட்பேன். அதற்கு உங்களிடம் உண்மையான பதில் இருக்க வேண்டும்.

இரண்டு பட்டமும் சேர்ந்த எம்.டி.-பிஎச்.டி. படிப்பைக் கட்டணம் இல்லை என்பதற்காக மட்டும் கேட்காதீர்கள். ஏறக்குறைய எட்டு வருடம். விண்ணப்பத்திலேயே கூடுதலாக இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டும், ஆய்வு அனுபவத்துக்கு மட்டும் 10,000 எழுத்துகள் வரை. ஆர்வம் இல்லாமல் அவ்வளவு எழுதினால் இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். இன்னொன்று, இந்தப் படிப்புக்கு என்.ஐ.எச். (அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனம்) தரும் பயிற்சி நிதி குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்குத்தான். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைகளே, கல்லூரி தன் சொந்தப் பணத்தில் எடுக்குமா என்று முதலில் மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். இதைத் தெரியாமல் ஒரு வருடத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

எல்லாக் கல்லூரிக்கும் ஒரே பதிலை ஒட்டவும் வேண்டாம். கிளீவ்லண்ட் கிளினிக்கின் லெர்னர் கல்லூரி ஆய்வு செய்யும் மருத்துவர்களை உருவாக்கவே ஐந்து வருடப் படிப்பாக அமைந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் எம்.டி. மாணவர்கள் எல்லோரும் ஆய்வேடு எழுத வேண்டும். கிராமங்களுக்குக் குடும்ப மருத்துவர்களைத் தருவதற்கென்றே நடக்கும் மாநிலக் கல்லூரியில் போய் 'என் வாழ்க்கை முழுக்க லேப்பில்' என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? பொய் சொல்லச் சொல்லவில்லை, இடம் பார்த்து விண்ணப்பியுங்கள் என்கிறேன்.

பெற்றோரே, நண்பரின் லேப்பில் பேசிப் பிள்ளையின் பெயரை ஒரு கட்டுரையில் சேர்த்துவிடாதீர்கள். நேர்முகத்தில் தலைகுனிந்து உட்காரப்போவது அந்தப் பிள்ளைதான்.

அந்தப் பையனின் கோப்பில் இருந்த பரிந்துரைக் கடிதங்களை நேர்முகம் முடிந்த பிறகுதான் படித்தேன். இரண்டு வருடமும் சனி ஞாயிறு தவறாமல் மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டது அவன்தானாம். குஞ்சுகள் ஏன் செத்துக்கொண்டே இருக்கின்றன என்று யாருக்கும் புரியாதபோது, தண்ணீரின் வெப்பநிலை இரவில் இறங்குகிறது என்று குறித்துவைத்துக் காட்டியதும் அவன்தான். அவன் எழுதிய எதிலும் இது ஒரு வரிகூட இல்லை. என்னிடமும் சொல்லவில்லை. மீன் கழுவுகிற வேலைதானே என்று விட்டிருப்பான்.

மே மாதத் தொடக்கத்தில் ஆம்காஸ் மறுபடி திறக்கும். அதற்கு முன்னால் உங்கள் லேப்பில் இருக்கும் போஸ்ட்டாக்கிடம் (பிஎச்.டி. முடித்த ஆய்வாளர்) இருபது நிமிடம் கேளுங்கள், நீங்கள் எழுதியதைக் கையில் கொடுத்து, வரிக்கு வரி 'இது யார் செய்தது?' என்று கேட்கச் சொல்லுங்கள்.