பாலே விடுதிப் பள்ளிக்கு ஆசைப்படும் பிள்ளை: பெற்றோர் பார்க்க வேண்டியது எதை?

பிரிட்டனில் பாலேயைத் தொழிலாக எடுத்துக்கொள்ள விரும்பும் பிள்ளைக்கு 11 வயதே முதல் வாசல். மேல்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பான ஏழாம் ஆண்டு தொடங்கும் செப்டம்பரில் பெட்டி கட்டிக்கொண்டு விடுதிக்குப் போய்விடும். லண்டன் ரிச்மண்ட் பார்க்கில் ராயல் பாலே பள்ளியின் ‘வைட் லாட்ஜ்’, பர்மிங்காமில் எல்ம்ஹர்ஸ்ட், ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் ட்ரிங் பார்க், செஸ்டரில் ஹேமண்ட் என்று பெயர்கள் வீட்டில் புழங்கத் தொடங்கும். சனிக்கிழமை வகுப்புக்காக ரயில் ஏறுவதும், கோடை முகாமுக்குப் பணம் சேர்ப்பதும் அதற்கு முன்பே தொடங்கியிருக்கும்.

இப்படித் தயாராகும் பிள்ளைகளையும், ஏற்கெனவே சேர்ந்து படிக்கும் பிள்ளைகளையும் பிசியோதெரபி மேசையில் பார்க்கும்போது ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது. நல்ல வகுப்பைத் தேடிப் பிடிப்பதில் பெற்றோர் காட்டும் அக்கறை, வளர்ந்துகொண்டிருக்கும் உடலைப் பார்ப்பதில் பாதிகூட இல்லை. தேர்வுக் குழு பிள்ளையைச் சில மணி நேரம் பார்க்கும். ஆசிரியர் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பார்ப்பார். சாப்பிடும்போதும் தூங்கி எழும்போதும் மாடிப்படி இறங்கும்போதும் பார்ப்பது நீங்கள்தான்.

காகித வேலையை முதலில் சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 31. இடம் எது என்று தெரிவது மார்ச் 1. பாலே பள்ளிகளின் தேர்வுச் சுற்றுகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நடக்கும். அதனால் ஆடிஷன் எவ்வளவு நன்றாகப் போனாலும் அக்டோபர் விண்ணப்பத்தைப் போட்டே ஆக வேண்டும். போடாமல் விட்ட குடும்பங்கள் வசந்த காலத்தில் மிச்சமிருக்கும் இடத்துக்கு அலைவதைப் பார்க்கிறோம்.

எம்.டி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லும் அரசின் இசை, நடன உதவித் திட்டம் கட்டணத்தைத் தாங்கும். முதலில் திறமையால் இடம்; பிறகு குடும்ப வருமானத்தை வைத்து உங்கள் பங்கு எவ்வளவு என்ற கணக்கு. பிரிட்டனில் தங்கும் உரிமை, குடியிருந்த காலம் பற்றிய நிபந்தனைகளும் உண்டு. ஷூ, சீருடை, பயணம், கோடை முகாம் போன்றவை பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான். உதவி இல்லாமல் முழுக் கட்டணம் செலுத்துபவர்களுக்கு 2025 ஜனவரி முதல் 20% வாட் வரியும் சேரும். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ அனுப்ப நினைப்பவர்கள், 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான ‘சைல்ட் ஸ்டூடன்ட்’ விசாவையும், விடுமுறை நாள்களில் பிள்ளை யாரிடம் தங்கும் என்பதையும் ஆடிஷனுக்கு முன்பே யோசித்துவிட வேண்டும்.

இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும்

பரதம் தெரிந்த வீட்டுக்கு இதை விளக்குவது எளிது. அரைமண்டியில் இரு முட்டிகளும் பக்கவாட்டில் விரிகின்றன அல்லவா? அந்தத் திருப்பம் நடப்பது இடுப்பு மூட்டில். பாலேயில் ‘டர்ன்-அவுட்’ என்பதும் அதுவே. காலை நீட்டி, நிமிர்ந்து நின்றபடி அதே திருப்பத்தைக் காட்ட வேண்டும் என்பதால் ஏமாற்றவும் எளிது, காயப்படவும் எளிது.

எவ்வளவு திரும்பும் என்பதில் பெரும்பகுதியை எலும்பு தீர்மானிக்கிறது. இடுப்புக் குழியின் ஆழம், அது பார்க்கும் திசை, தொடை எலும்பின் கழுத்தில் இருக்கும் முறுக்கு. பிறந்த குழந்தைக்கு இந்த முறுக்கு சுமார் 40 டிகிரி இருக்கும். வளர வளரக் குறைந்து பெரியவர்களில் 15 டிகிரி அளவில் நிற்கும். யாருக்கு எங்கே நிற்கும் என்பது பயிற்சியால் வருவதல்ல. பயிற்சியால் வருவது, இருக்கும் திருப்பத்தைத் தசையால் பிடித்து நிறுத்தும் வலு.

வீட்டிலேயே பார்க்கலாம். குதிகால்கள் ஒட்டி, விரல்கள் வெளியே பார்க்க, முதல் நிலையில் பிள்ளையை நிற்கச் சொல்லுங்கள். முட்டியை லேசாக மடக்கினால் முட்டிச்சில்லு கால் இரண்டாம் விரலுக்கு நேர் மேலே வர வேண்டும். முட்டி முன்பக்கம் பார்க்க, பாதம் மட்டும் பக்கவாட்டில் ஓடியிருந்தால், அந்தத் திருப்பத்தை முட்டியையும் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பையும் முறுக்கி வாங்கியிருக்கிறது. பாதத்தின் உள்வளைவு தரையில் சரிந்திருக்கும்; ஷூவின் உள்ஓரம் சீக்கிரம் தேய்ந்திருக்கும். இப்படி இரண்டு வருடம் ஆடிய பிள்ளைக்கு முட்டியின் உள்பக்கத்தில் வலி வருவதில் ஆச்சரியமில்லை. தேர்வுக் குழுவுக்கும் இது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். 180 டிகிரி பொய்யைவிட நேர்மையான 120 டிகிரியைத்தான் அவர்கள் விரும்புவார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தவளைபோலக் கவிழ்ந்து படுக்கவைத்து இடுப்பை மேலிருந்து அழுத்துவது, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கால்களை எதிரெதிர்த் திசையில் நீட்டி ‘ஸ்ப்ளிட்’ உட்கார வைப்பது, பாதத்தைச் சோபாவுக்கு அடியில் செருகி வளைப்பது, இவை மூன்றையும் இன்றே நிறுத்துங்கள். வளரும் வயதில் தசைநாரைவிட, அது எலும்போடு ஒட்டும் வளர்ச்சிப் பகுதிதான் பலவீனமான இடம். அதிகமாக இழுத்தால் தொடையின் பின்தசை, உட்காரும் எலும்பிலிருந்து ஒரு துண்டையே பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். அழுத்தி வளைத்த பாதம் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் கணுக்காலின் முன்பக்கத் தசைநார் தளர்ந்து, பின்பக்கம் எலும்பு நசுங்கத் தொடங்கியிருக்கும்.

உயரம் ஏறும் மாதங்கள்

பெண் பிள்ளைகள் சுமார் 11, 12 வயதில் மடமடவென உயர்வார்கள். உச்சத்தில் வருடத்துக்கு 8 செ.மீ. அளவு. ஆண் பிள்ளைகளுக்கு இது சுமார் இரண்டு வருடம் தள்ளி வரும்; வேகமும் கொஞ்சம் கூடுதல். ஆடிஷன், விடுதி, விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான பாயின்ட் ஷூ என எல்லாமே இந்தக் காலத்தில்தான் வந்து குவிகின்றன.

கதவுச் சட்டத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, காலையில், வெறுங்காலோடு. 3 மாதத்தில் 2 செ.மீ. ஏறியிருந்தால் பிள்ளை வேகமாக வளர்கிறது. பாதம் இன்னும் முந்திக்கொள்ளும். ஷூ அளவு திடீரென்று மாறினால் உயரம் பின்னாலேயே வருகிறது என்று அர்த்தம். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காது. நேற்றுவரை காதருகே போன கால் இன்று இடுப்போடு நிற்கும். சுழலும்போது தடுமாறும். ‘சோம்பேறியாகிவிட்டாள்’ என்று ஆசிரியரோ நீங்களோ சொல்லிவிட்டால், பிள்ளை அதை ஈடுகட்ட அறைக்குள் தனியாக இழுத்துப் பயிற்சி செய்யும். காயம் அங்கே தொடங்கும். இந்த மாதங்களில் தாவல்களைக் குறைத்து, வயிறு, முதுகு, பிட்டத் தசை வலுவில் நேரத்தைச் செலவிடுவதே சரி.

குதிகாலின் பின்பக்கம், முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள மேடு, இந்த இரண்டிலும் வலி வந்தால் பெரும்பாலும் வளர்ச்சி சார்ந்தது. சுமையைக் குறைத்தால் அடங்கும். வேறு மூன்று வலிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. பின்னால் வளையும்போது இடுப்புக்கு மேலே, முதுகின் ஒரு பக்கத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வலி, முள்ளெலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம். பாதத்தின் நடுவில் இரண்டாம் விரலின் அடியில் விரல்நுனியால் தொட்டால் சுள்ளென்று வலிப்பது அங்குள்ள எலும்பின் அழுத்த விரிசலாக இருக்கலாம். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி எதுவானாலும் மருத்துவரிடம் போக வேண்டும். ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவது உண்டு. எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்பதற்காக வலியோடு ஆடவிடாதீர்கள்.

பாயின்ட் ஷூ

‘என் தோழி போட்டுவிட்டாள், எனக்கு எப்போது?’ என்ற கேள்வி 10 வயதிலேயே வரும். வயது மட்டும் போதாது. நடன மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட வழிகாட்டல்: 12 வயதுக்கு முன் வேண்டாம்; 8 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கி, வாரத்துக்கு இரண்டு வகுப்பாவது போகும் பிள்ளைக்கு நான்காம் ஆண்டில் பார்க்கலாம். பாதத்தை நீட்டும்போது முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கமும் பாதமும் ஒரே கோட்டில் வர வேண்டும். ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கும்போது ஆட்டம் காணக் கூடாது.

வாங்கும்போது பெற்றோர் செய்யும் பெரிய தவறு, வளர்வதற்கு இடம் விட்டு வாங்குவது. பள்ளிக்கூட ஷூவுக்குச் சரி, இதற்கு ஆபத்து. ஷூவின் முனையில் இருக்கும் கெட்டியான பெட்டி சாக்குத் துணி, காகிதம், பசை என்று அடுக்கடுக்காகச் செய்தது. அது பாதத்தைச் சுற்றிப் பிடித்துத் தாங்க வேண்டும். தளர்வாக இருந்தால் பாதம் உள்ளே வழுக்கி இறங்கி, முழு எடையும் பெருவிரல் நுனியில் விழும். நகம் கறுத்துப் போவது அதனால்தான். தட்டையாக நிற்கும்போது விரல்கள் மடங்காமல் நீண்டிருக்க வேண்டும். நுனியில் ஏறி நிற்கும்போது குதிகாலில் சாட்டின் துணியைச் சிறிதாகக் கிள்ள வர வேண்டும். அவ்வளவுதான் இடைவெளி.

ரிப்பன் தைப்பது வீட்டு வேலை. ஒரு ஜோடிக்கு 50 செ.மீ. நீளத்தில் நான்கு துண்டுகள். வெட்டிய ஓரத்தைத் தீயில் லேசாகக் காட்டினால் நூல் பிரியாது. குதிகால் பகுதியை உள்பக்கமாக மடியுங்கள். மடிப்பு விழும் இடத்தில் பக்கவாட்டில் ரிப்பனை வைத்து, கணுக்காலை நோக்கிச் சற்று முன்பக்கம் சாய்த்துத் தையுங்கள். ஊசி உள்துணியை மட்டும் பிடிக்கட்டும். விளிம்புக்குள் ஓடும் சுருக்குக் கயிற்றைத் தைத்துவிட்டால் பிறகு இறுக்க முடியாது. முடிச்சு கணுக்காலின் உள்பக்கக் குழியில் வர வேண்டும், குதிகால் நரம்பின் மேல் அல்ல. ஆடி முடித்த ஷூவைப் பைக்குள் போட்டு மூடினால் வியர்வையில் பசை இளகி, பெட்டி ஒரே வாரத்தில் தொய்ந்துவிடும். காற்றில் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாலேயின் இளஞ்சிவப்பு ஷூவும், காலை ஒட்டி அணியும் டைட்ஸும் வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து வந்தவை. பழுப்பு நிறத் தோலுள்ளவர்கள் ஷூவுக்கு முகப்பூச்சுத் தடவி நிறம் மாற்றிக்கொண்டே ஆடினார்கள். லண்டனின் ‘பாலே பிளாக்’ குழுவோடு சேர்ந்து ஃப்ரீட் நிறுவனம் 2018இல்தான் பழுப்பு நிறங்களில் பாயின்ட் ஷூ கொண்டுவந்தது. தோல் நிற டைட்ஸ் போடலாமா என்று பள்ளியிடம் நேரடியாகக் கேளுங்கள். பிள்ளை தானாகக் கேட்கத் தயங்கும்.

தட்டில் இருப்பது

நாங்கள் அதிகம் கவலைப்படுவது இங்கேதான். நாள் முழுக்கக் கண்ணாடி முன், உடலோடு ஒட்டிய லியோடார்ட் உடையில் நிற்கும் பிள்ளை, யாரும் எதுவும் சொல்லாமலே சாப்பாட்டைக் குறைக்கும். செலவாகும் சக்திக்கு ஏற்ற உணவு உள்ளே வராவிட்டால் உடல் முதலில் மாதவிடாய், எலும்பு, வளர்ச்சி ஆகியவற்றில் கைவைக்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதற்கு ‘ரெட்-எஸ்’ (விளையாட்டில் ஏற்படும் சக்திப் பற்றாக்குறை) என்று பெயரிட்டது. 15 வயதாகியும் பூப்பெய்தவில்லை என்றால், அல்லது வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் நின்றுவிட்டால், ‘நடனம் ஆடும் பிள்ளைகளுக்கு அப்படித்தான்’ என்ற பதிலை யாரிடமிருந்தும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். வாழ்நாள் முழுக்கத் தாங்க வேண்டிய எலும்பின் பெரும்பகுதி 18 வயதுக்குள் சேர்ந்துவிடும்.

பிரிட்டனின் பரிந்துரைப்படி 11 முதல் 18 வயதுவரை நாளுக்குக் கால்சியம் பெண்ணுக்கு 800 மி.கி., ஆணுக்கு 1,000 மி.கி.; இரும்புச் சத்து பெண்ணுக்கு 14.8 மி.கி. சைவக் குடும்பத்துப் பெண் பிள்ளைக்கு இந்த இரும்புக் கணக்குதான் முதலில் உதைக்கும். விடுதியின் சைவத் தட்டு வெறும் சீஸும் பாஸ்தாவுமாக இருக்கிறதா, பருப்பும் பயறும் இருக்கிறதா என்று ஒரு வார மெனுவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வைட்டமின் டி 10 மைக்ரோகிராம் குளிர்காலத்தில் எல்லோருக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. நம்மைப் போல் கருந்தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுக்க எடுப்பது நல்லது. பகல் முழுக்க ஸ்டூடியோவுக்குள் இருக்கும் பிள்ளைக்கு இன்னும் அவசியம். தின்பண்டம் கொடுத்தனுப்பும்போது கடலை மிட்டாய்க்கும் எள்ளுருண்டைக்கும் முன் பள்ளியின் ஒவ்வாமை விதியைப் பாருங்கள். பல பள்ளிகளில் கடலை வகைக்கே தடை உண்டு. பொட்டுக்கடலை மாவு உருண்டைக்கும் கேட்டுவிட்டே அனுப்புங்கள்.

எடை பற்றிப் பள்ளியில் யார் பேசுவார்கள், வகுப்பில் எடை பார்க்கும் வழக்கம் உண்டா, உடலைத் தொட்டுத் திருத்தும்போது அனுமதி கேட்கிறார்களா என்பதைப் பெற்றோர் பள்ளியைச் சுற்றிப் பார்க்கும் நாளிலேயே கேளுங்கள். நல்ல பள்ளி இந்தக் கேள்வியால் முகம் சுளிக்காது. ஊழியர் அல்லாத, பிள்ளை தனியாகப் பேசக்கூடிய ஒருவரை விடுதிப் பள்ளிகள் வைத்திருக்க வேண்டும். அவர் பெயரும் எண்ணும் பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரியட்டும். பிள்ளைகளுக்கான உதவி எண்ணான சைல்ட்லைனின் 0800 1111 இலவசம்.

இடம் கிடைக்காதபோது, கிடைத்தும் போகும்போது

மறுப்புக் கடிதத்தில் காரணம் பெரும்பாலும் இருக்காது. இடுப்பின் வடிவமோ உடல் விகிதமோ காரணமாக இருந்தால், உழைப்பு போதவில்லை என்று பிள்ளையிடம் சொல்வது அநியாயம். உள்ளே போன பிள்ளைக்கும் ஆண்டு மதிப்பீடு உண்டு. தொடர வேண்டாம் என்று சொல்லும் பள்ளிகளும் உண்டு. எந்த ஆண்டுகளில் அந்த முடிவு எடுப்பார்கள், எத்தனை மாதம் முன்னால் சொல்வார்கள் என்பதை இடத்தை ஏற்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 16 வயதில் மறுபடியும் ஆடிஷன். அப்போது உலகம் முழுவதிலிருந்தும் போட்டிக்கு வருவார்கள். அமெரிக்கன் பாலே தியேட்டரில் ஆடிய மிஸ்டி கோப்லண்ட் 13 வயதில்தான் பாலேயைத் தொடங்கினார். 2015இல் முதன்மை நடனக் கலைஞரானார். 11 வயதில் கிடைக்கும் பதில் கடைசிப் பதில் அல்ல என்று சொல்லும்போது பிள்ளைக்கு இதையும் சொல்லலாம்.

விடுதியில் முதல் ஆறு வாரம் கடினம். தினமும் அழைக்கும் பிள்ளை அழுவது இயல்பு. ஆனால் பேச்சே குறைந்துபோகும் பிள்ளையைப் பற்றி விடுதிப் பொறுப்பாளரிடம் அன்றைக்கே பேசுங்கள். அரைப் பருவ விடுமுறைக்கு வந்த முதல் இரவு தூங்க விடுங்கள். மறுநாள் காலையில் கதவுச் சட்டத்தருகே நிறுத்தி உயரம் குறியுங்கள். அப்படியே உட்கார வைத்து, கால் இரண்டையும் உங்கள் மடியில் எடுத்து வைத்து நகம், குதிகால், விரலிடுக்கு, பாதத்தின் நடு எலும்பு என ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எங்கே சட்டென்று காலை இழுத்துக்கொள்கிறதோ, அந்த இடத்தைப் பற்றிக் கேளுங்கள்.