என்ன நோய் என்றே தெரியவில்லையா? தீவனத் தொட்டியைப் பாருங்கள்

"டாக்டரம்மா, மூணு ஊசி போட்டாச்சு, ரத்தம் டெஸ்ட் பண்ணியாச்சு, எல்லாம் நல்லாத்தான் இருக்குதாம். கண்ணு பட்டிருக்குமோ?"

வாழப்பாடிப் பக்கம் ஒரு அக்கா இப்படித்தான் ஆரம்பித்தார். கலப்பின ஜெர்சி, கன்று போட்டு 40 நாள். காய்ச்சல் இல்லை. ஒரு நாள் தின்கிறது, மறுநாள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. சாணம் இளகி நுரைத்திருக்கிறது, சொசைட்டியில் பாலின் கொழுப்பு இறங்கிக்கொண்டே போகிறது, போதாததற்கு இப்போது பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது.

நான் நேராகத் தொட்டியைப் பார்த்தேன். திப்பி, அதாவது ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கை, அதன்மேல் பழைய சோறு. கன்று போட்ட வாரத்திலிருந்தே இதுதானாம். இந்தத் திப்பி நம்ம ஊரில் மலிவு, குறை சொல்ல முடியாது. மரவள்ளி என்றதும் சயனைடோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது பச்சைத் தழையோ தோலோ தின்ற மாட்டைச் சில மணி நேரத்திலேயே சாய்த்துவிடும், இப்படி வாரக்கணக்கில் இழுக்காது.

விஷயம் பெருவயிற்றில், மாடு தின்றது முதலில் போய்ச் சேரும் பெரிய அறையில், இருக்கிறது. அங்கே ஒரு மில்லி நீரில் ஆயிரம் கோடி பாக்டீரியா அளவுக்குக் குடியிருக்கின்றன. வைக்கோலின் நாரைச் செரிப்பது ஒரு கூட்டம், மாவுச்சத்தைத் தின்பது இன்னொன்று. திடீரென மாவுச்சத்தைக் கொட்டினால் இரண்டாவது கூட்டம் மளமளவென்று பெருகி அமிலத்தைக் கக்கும், அந்தப் புளிப்பில் நார் தின்னும் கூட்டம் மடியும். பாலில் கொழுப்புக்கு மூலப்பொருள் தருவதே அந்தக் கூட்டம்தான். வயிற்றுச் சுவரும் புண்ணாகி, நச்சு ரத்தத்தில் கலந்து குளம்பு வரை போய்விடுகிறது. ரத்தப் பரிசோதனையில் இதெல்லாம் பெரும்பாலும் பிடிபடாது.

குழாய் விட்டு வயிற்று நீர் எடுத்தேன். நல்ல மாட்டில் பச்சையாக இருக்கும். இது வெளிறிப்போய், புளித்த மாவு வாடை. புளிப்பை அளக்கும் பிஎச் தாள் 5.5 காட்டியது, 6க்கு மேல் இருக்க வேண்டும்; எண் குறைந்தால் புளிப்பு அதிகம். எச்சில் புளிப்பைக் குறைக்கும்; குழாயில் அது கலந்தும் இவ்வளவு புளிப்பு என்றால் உள்ளே இன்னும் மோசம்.

திப்பியை நிறுத்தினோம். சோளத்தட்டு, வைக்கோல், ஆப்ப சோடா. அப்புறம், மடிந்த கூட்டம் திரும்பக் குடியேற, பக்கத்து வீட்டு நல்ல மாட்டின் வயிற்று நீரை ஐந்து லிட்டர் எடுத்து, துணியில் வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் இதற்கு ஊற்றினோம். நான்காம் நாள் அசை போட ஆரம்பித்துவிட்டது. கால் சரியாகத்தான் ரொம்ப நாள் ஆனது. திப்பி வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் சோளத்தட்டைப் போடுங்கள், திப்பியைக் கைப்பிடியில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்தான் முகம் வாடி நின்றார். "எங்க மாட்டுத் தண்ணிய எடுத்தீங்களே, அதுக்கு ஒண்ணும் ஆகாதே?" ஆகாதுங்க, எச்சில் மட்டுமே ஒரு நாளைக்கு 100 லிட்டருக்குக் குறையாமல் சுரக்கிற பிராணி அது என்றேன்.