எட்டுப் பேர் கைகோத்தால் பஞ்சமம்

காரைக்குடி கொப்புடையம்மன் கோயில் திருவிழாக் கடையில் வாங்கிய பாட்டுப் பொம்மை ஒன்று எங்கள் வீட்டில் கிடந்தது. பேட்டரி தீரத் தீர அதன் குரல் தடித்து, இழுத்து, பேய் பாடுவதுபோல் ஆகிவிடும். "அதைத் தூக்கிப் போடுங்கப்பா" என்பார் ஆச்சி. பொம்மை எப்படிப் பாடுகிறது என்பதற்கு அந்தப் பேய்க்குரலே நல்ல துப்பு.

கோடை விடுமுறையில் ஒருநாள் தெருப் பிள்ளைகள் எட்டுப் பேர், ஆளுக்கொரு பழைய பொம்மையோடு, அதன் குரலை மாற்றி விளையாட எங்கள் வளவில் வந்து உட்கார்ந்தார்கள். திருப்புளி, கொஞ்சம் வயர், ஒரு சால்டரிங் அயர்ன். சட்டம் ஒன்றுதான்: பேட்டரி பொம்மை மட்டும். சுவர் பிளக்கில் செருகுகிற எதையும் தொடக்கூடாது.

திறந்தால் உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்பீக்கர், இரண்டு பேட்டரி, விரல் நீளத்துக்கு ஒரு போர்டு. அதன் நடுவே, குழந்தைக் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டுபோல் ஒரு கறுப்புத் திட்டு. அது காய்ந்த பிசின். சிப் அதற்கடியில் இருக்கிறது. பாட்டு அதில் வரிசையான எண்களாகப் பதிந்திருக்கும். ஒவ்வொரு 'டிக்'குக்கும் சிப் ஒரு எண்ணை எடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்பும்.

அந்த டிக் எங்கிருந்து வருகிறது? குழாயடியில் குடம் நிரம்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் என்பது மின்சாரம். குடம் என்பது அதைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர். பல பொம்மைகளில் சிப்புக்குள்ளேயே இருக்கும். குழாய் என்பது பொட்டுக்குப் பக்கத்தில், மின்சாரத்தைத் தடுத்துக் கொஞ்சமாக விடுகிற ரெசிஸ்டர். குடம் ஓர் அளவுக்கு நிரம்பியதும் சிப் அதைக் கவிழ்த்துவிடும். ஒரு டிக். மறுபடி நிரம்பும், மறுபடி கவிழும். அந்தத் தடையை, அதாவது ரெசிஸ்டன்ஸைக் குறைத்தால் குடம் சீக்கிரம் நிரம்பி, பாட்டின் வேகமும் சுருதியும் சேர்ந்தே ஏறும்.

பேய்க்குரல் இதற்கு நேர்மாறு. பழைய பேட்டரியின் உள்தடை ஏறிவிடுவதால் ஸ்பீக்கர் மின்சாரம் கேட்கும்போது வோல்டேஜ் சரிகிறது, டிக் தளர்கிறது. (பேட்டரிக்குள் நடப்பதை ஆராய நம் ஊரிலேயே 'சிக்ரி' என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கரில், 1948இல் நேரு அடிக்கல் நாட்டியது.)

சரி, ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் ஒவ்வொரு வயரைப் பற்றவைத்து வெளியே இழுத்தோம். ஒரு பையன் விரலை நக்கிக்கொண்டு இரண்டு வயரையும் பிடித்தான். பொம்மை கிறீச்சிட்டுக் கப்சிப். டிக் தாங்கமுடியாத வேகத்துக்குப் போனால் சிப் குழம்பி நின்றுவிடும். பேட்டரியைக் கழற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

இப்போது கணக்கு. தடையை அளப்பது ஓமில். போர்டு ரெசிஸ்டர் 2 லட்சம் ஓம், ஈரக் கையோடு ஒரு பிள்ளை 50,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை இன்னொரு குழாய். போர்டுக் குழாயைப்போல் நாலு மடங்கு தண்ணீர் விடும். இரண்டும் சேர்ந்து டிக் 5 மடங்கு. நாலு பேர் வரிசையாகக் கைகோத்து, இரு ஓரத்தில் இருப்பவர்கள் ஆளுக்கொரு வயரைப் பிடித்தால் அவர்கள் வழியும் 2 லட்சம் ஓம், அதனால் டிக் இரண்டு மடங்கு: மேல் ஸ்தாயி 'ச'. எட்டுப் பேர் கோத்தால் 4 லட்சம், டிக் ஒன்றரை மடங்கு: 'ப', அதாவது பஞ்சமம். ஆள் சேரச் சேரச் சுருதி இறங்குகிறது என்பதைப் பிள்ளைகள் முதலில் நம்பவில்லை. நிஜத்தில் எல்லார் கையும் ஒரே ஓம் அல்ல, ஆகவே எங்கள் பஞ்சமம் கொஞ்சம் பிசிறடித்தது.

ஷாக் அடிக்காதா? 3 வோல்ட்டை 50,000 ஓமால் வகுத்தால் 0.06 மில்லிஆம்பியர். உடம்புக்கு உறைக்கவே சுமார் ஒரு மில்லிஆம்பியர் வேண்டும்.

இந்த விளையாட்டுக்கு சர்க்யூட் பெண்டிங் என்று பெயர் வைத்தவர் அமெரிக்கரான ரீட் கசாலா. 1966இல் அவருடைய மேசை இழுப்பறையில் கிடந்த பொம்மை ஆம்ப்ளிஃபயர் ஏதோ உலோகத்தில் பட்டு விசித்திரமாகக் கத்தியதாம். எங்களுக்கு அத்தனை அதிர்ஷ்டமில்லை. எட்டில் மூன்று பொம்மைகளில் வெளியே ரெசிஸ்டரே கிடையாது, எல்லாம் பொட்டுக்குள்.

சாயங்காலம் ஆச்சியும் வந்து இரண்டு வயரையும் பிடித்தார். பொம்மையின் குரல் துளியும் மாறவில்லை. "காஞ்ச கை ஆச்சி, ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி" என்ற ஒரு வாண்டு, செம்பில் தண்ணீர் எடுக்க ஓடியது.